சர்க்கரையும் ஷிப்டும்: வடசென்னைத் தொழிலாளரின் நேரம்

நாற்பது வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரியவரும் ஒரு தொழிலாளி அதன் பிறகும் இருபது ஆண்டுகளாவது வேலைக்குப் போயாக வேண்டும். அந்த இருபது ஆண்டுகளில்தான் பிள்ளைகள் படித்து முடிக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, வாங்கிய கடன் அடைகிறது, வயதான பெற்றோர் படுக்கையில் விழுகிறார்கள். நோயைக் கவனிப்பதற்கென்று தனியாக ஒதுக்கிவைக்க அந்த வாழ்க்கையில் ஒரு பருவம் கிடையாது. எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அதையும் கவனிக்க வேண்டும்.

வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் இடையில் உள்ள எம்.கே.பி. நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ‘சுகர்’, ‘பிரஷர்’ என்ற இரண்டு சொற்களும் வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டன. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், மணலி, எண்ணூர் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகும் பெண்கள் என்று உழைப்பால் நகரும் குடும்பங்கள் இவை. இவர்களுடைய உடலைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் நிறையச் சொல்லியிருக்கின்றன. இவர்களுடைய வேலையைப் பற்றித் தொழிலாளர் சட்டங்களும் நிறையச் சொல்லியிருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது. வடசென்னையின் நீடித்த நோயாளிக்கு மருந்து ஓரளவு கிடைக்கத் தொடங்கிவிட்டது. அந்த மருந்தை உடலுக்குப் பயன்படும்படி எடுத்துக்கொள்ளத் தேவையான நேரம் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது.

கஞ்சித் தொட்டியிலிருந்து நீரிழிவுப் பிரிவு வரை

இந்தியாவில் சர்க்கரை நோய்க்கான தனிச் சிகிச்சையின் வரலாற்றில் வடசென்னைக்கு முக்கிய இடம் உண்டு. பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. பசித்தவர்களுக்காகத் தொடங்கிய அதே இடத்தில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்.

அந்தக் காலத்தில் சர்க்கரை, வசதி படைத்தவர்களின் நோயாகக் கருதப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டு அந்த எண்ணத்தைத் துடைத்துப்போட்டது. சென்னையில் அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளின்படி 1989-இல் பெரியவர்களில் 8.3 சதவீதமாக இருந்த நீரிழிவு, 2004-இல் 14.3 சதவீதமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. உயர் இரத்த அழுத்தம் மூன்று பெரியவர்களில் ஒருவருக்கு மேல் இருந்தது. தெற்காசியர்களுக்கு இந்த நோய் ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு வர வேண்டியது, பள்ளிக் கட்டணம் கட்டும் வயதில் வருகிறது. உழைத்துக் குடும்பம் நடத்தும் வயதின் நோயாக இது மாறியதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

வடசென்னையில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று காசநோய். தமிழ்நாட்டில் காசநோய்ச் சிகிச்சையில் இருந்தவர்களிடம் ராயபுரம் மருத்துவர்கள் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும், கிட்டத்தட்ட மற்றொரு கால் பங்கினருக்கு அதன் முந்தைய கட்டமும் இருந்தன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. காசநோய் எளிதாகப் பிடிக்கிறது. காசநோய் வந்தால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. நெருக்கமான வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். மற்றொன்று காற்று. சென்னையிலும் டெல்லியிலும் பன்னிரண்டாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023-இல் வெளியான ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடுவதற்கும் சர்க்கரை நோய் வருவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் குப்பைக் கிடங்கும் லாரிப் போக்குவரத்தும் சூழ்ந்த பகுதியில் வாழ்பவரிடம் “வாயைக் கட்டு, நோய் போய்விடும்” என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

நோய் வீட்டுக்கு வந்த வரலாறு

நீடித்த நோயை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலும் சென்னைக்கு உலக அளவில் இடமுண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு, சத்தான உணவு, நல்ல காற்று என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியினருக்கு அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே மாத்திரை கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. சானடோரியங்கள் உலகெங்கும் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. சம்பாதிப்பவர் ஓராண்டு வீட்டைப் பிரிந்து போக வேண்டியதில்லை. ஆனால் அதுவரை செவிலியரும் சமையலாளும் வார்டு உதவியாளரும் செய்துவந்த வேலை மொத்தமும் வீட்டின் தலையில் இறங்கியது. மாத்திரையை நினைவுபடுத்துவது, வேளைக்குச் சமைப்பது, மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது ஆகியவை எல்லாம் யாரோ ஒருவரின் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டன. காசநோய்க்காவது ஒரு முடிவு உண்டு. மாத்திரைக் காலம் முடிந்தால் நோயாளி பழைய ஆளாகிவிடுவார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அந்த முடிவு இல்லை. வீட்டின் தலையில் இறங்கிய வேலை அங்கேயே தங்கிவிட்டது.

அந்த வேலையைச் செய்வது யார் என்பதற்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. 2024 கணக்கின்படி, கூலியின்றித் தங்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். சர்க்கரை உள்ளவர் கணவர் என்றால் மனைவியின் நிமிடங்கள் கூடுகின்றன. அவருக்குத் தனியாகக் கீரை, குறைந்த சோறு, நேரத்துக்கு டிபன். சர்க்கரை உள்ளவர் மனைவி என்றால் பெரும்பாலான வீடுகளில் தனிச் சமையலே கிடையாது. ரேஷன் அரிசியில் எல்லோருக்கும் ஒரே பானை. பிள்ளைகளை அனுப்பி, கணவரை அனுப்பி, தானும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறார். மாத்திரையும் அதோடு தள்ளிப்போகிறது.

ஒரு மாத்திரையும் ஒரு ஷிப்டும்

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஒரு மாத்திரையின் வேலையைப் பார்த்தாலே புரியும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மலிவான மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை இறங்கும்: படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல். வீட்டில் இருப்பவர் ஒரு வாய் சர்க்கரை போட்டுச் சமாளித்துவிடலாம். கன்டெய்னர் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கும், உயரத்தில் நின்று வெல்டிங் செய்பவருக்கும் அது உயிர் ஆபத்து.

துறைமுக வாயிலுக்கு முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது எண்ணூர் விரைவுச் சாலையில் பல ஆண்டுகளாக மக்கள் பார்த்துவரும் காட்சி. எப்போது வண்டி நகரும், எப்போது சாப்பிட முடியும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் டியூட்டி நாளில் மாத்திரையைத் தவிர்க்கிறார் என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்க்கரை ஏறினால் இன்றைக்கு எதுவும் தெரியாது. இறங்கினால் இன்றைக்கே விபத்து. மருத்துவச் சீட்டில் அது ‘ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை’ என்று பதிவாகிறது. அவருடைய வேலை ஒழுங்காக இல்லை என்பதைப் பதிவு செய்ய அந்தச் சீட்டில் இடமில்லை.

இரவு ஷிப்டு இன்னொரு சிக்கல். இரவில் உடலின் இன்சுலின் செயல்திறன் குறைகிறது. அந்த நேரத்தில் சாப்பிடும் அதே அளவு உணவு பகலைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவு வேலையும் மாறி மாறி வரும் ஷிப்டுகளும் நீரிழிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இன்சுலின் ஊசி போடுபவருக்குத் தொல்லை இரட்டிப்பு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஊசி போட மறைவான இடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். பல வேலையிடங்களில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறையே இல்லை. பிரஷருக்குக் கொடுக்கப்படும் சிறுநீர் பெருக்கி மாத்திரையை அவர்கள் பகலில் போடாமல் விடுவதற்கும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுதான். பாதிக்கப்படுவது சிறுநீரகம்.

சாப்பாட்டு நேரத்துக்காகப் போராடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை தாங்கிய அந்தச் சங்கத்தில் திரண்ட பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று, மதிய இடைவேளை அரை மணி நேரம் மட்டுமே என்பது. கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி ஆலைக்குள் நுழைய அது போதவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று விதித்தது. அந்த அரை மணி நேரம் ஆரோக்கியமான உடலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் களைப்பைப் பற்றியும் குடும்ப நேரத்தைப் பற்றியும் பேசினார்கள். வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டிய உடல்கள் எத்தனை அந்த ஷிப்டுக்குள் நிற்கின்றன என்ற கேள்வியும் அங்கே எழுந்திருக்க வேண்டும்.

படுத்தால் பணம், நடந்தால் இல்லை

இ.எஸ்.ஐ. திட்டம் இந்தியத் தொழிலாளர் பெற்ற பெரும் பாதுகாப்புகளில் ஒன்று. 1948 சட்டத்தின் வழி வந்த இத்திட்டத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் சேருகிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பட்டியலிடப்பட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், இரண்டு ஆண்டுகள் வரை 80 சதவீதம் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் நீரிழிவு எப்படி இடம் பெற்றிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விழித்திரை கெட்டிருந்தால், பாதத்தில் புண் வந்திருந்தால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால்தான் அது பட்டியலுக்குள் வருகிறது. கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை. பண உதவியும் வேலைக்கு வராத முழு நாளுக்கே. காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மதியம் வேலைக்குப் போகும் அரை நாளுக்கு ஒன்றும் கிடையாது. காய்ச்சல் வந்தவனுக்கும் கை முறிந்தவனுக்கும் ஏற்ற ஏற்பாடு இது: படுப்பான், எழுவான், திரும்பி வருவான். நோயோடு நடமாடுபவரை இது கணக்கில் எடுக்கவில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால் ஆண்டுக்கொரு முறை ஏஜென்சி மாறும்போது சந்தாத் தொடர்ச்சியே அறுந்துபோகலாம். வீட்டு வேலை செய்யும் பெண்ணும், சித்தாளும், ஆட்டோ ஓட்டுநரும் பெரும்பாலும் இத்திட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

ஒரு பரிசோதனைக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும். முடிவு வந்த பிறகு மருத்துவர் முன் வரிசை, அதன் பிறகு மருந்து வாங்கும் வரிசை. அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் பணம் இல்லை. ஆனால் தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விட்டது. இலவச மருத்துவத்தின் உண்மையான கட்டணம் இதுதான். மாதம் ஒரு நாள் கூலியை இழக்க முடியாத குடும்பம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று தள்ளும், பிறகு காலில் புண் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும்.

வாசல் தேடி வந்த மருந்து

இந்த இடத்தில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஒரு திருப்பமாக அமைந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளும் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. “இன்னாக்கா, மாத்திர போட்டியா, சாப்ட்டியா?” என்று தெருக்காரப் பெண்ணே வாசலில் நின்று கேட்பது வெள்ளைக் கோட்டின் அதட்டலைவிட நன்றாக வேலை செய்யும். வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்றால் மிகையில்லை.

பலனும் தெரிகிறது. 2020-இல் தமிழக அரசின் ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின்படி, சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் இரண்டும் 17 சதவீதத்தை ஒட்டி வந்தன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். பகல் பதினோரு மணிக்குத் தன்னார்வலர் கதவைத் தட்டும்போது அந்த வீட்டுக்காரர் மணலியில் இருக்கிறார். அவர் மனைவி நான்கு தெரு தள்ளிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை அட்டை பாட்டியின் கையில் சேர்ந்துவிடும். அழுத்தத்தைப் பார்க்கவும், காலைத் தடவிப் பார்க்கவும், எந்த வேளைக்கு எது என்று பேசவும் ஆள் இருப்பதில்லை.

அரை மணி நேரம் என்ன செய்யும்

நேரத்துக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதற்குச் சென்னையிலேயே அளந்து பார்த்த சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு மாற்றமும் தினம் அரை மணி நேர நடையும் அறிவுறுத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே பலன்தான். நடையும் உணவும் ஒரு மாத்திரைக்கு ஈடாக நின்றன.

எதிர்ப் பக்கத்தையும் கணக்கிட வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். போக வர நேரம் சேர்த்தால் வேலைக்குப் போவது நின்றுபோகிறது. கூடப் போகும் மகனோ மனைவியோ வேலையை விடுகிறார்கள். அரசு காப்பீடு டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. இரண்டு பேரின் கூலியை யாரும் ஏற்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 2023 ஜூனில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. அந்த மாலை நேரம்தான் உழைக்கும் நோயாளியின் நேரம். சர்க்கரை, பிரஷர் சிகிச்சையின் மையமாக அதை ஆக்க வேண்டும். மருத்துவரும் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் அந்த நான்கு மணி நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். வெறும் வயிறு தேவைப்படாத, மூன்று மாதச் சராசரியை ஒரே சொட்டில் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையை அங்கே வழக்கமாக்கினால் அரை நாள் காத்திருப்பு மிச்சமாகும். நேரம் தவறிச் சாப்பிடும் தொழிலில் இருப்பவர் யார் என்று கேட்டுவிட்டு, சர்க்கரையைத் தடாலென்று இறக்காத மாத்திரையை எழுதும் வழக்கம் வர வேண்டும். ‘என்ன வேலை, எந்த ஷிப்டு, எப்போது சாப்பாடு’ என்ற மூன்று கேள்விகளும் நோயாளியின் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வேலையிடத்தில் செய்ய வேண்டியவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தமிழ்நாடு 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களின் உடலைச் சட்டம் பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று. அதே வழியில், நீடித்த நோய் உள்ளவருக்கு மாதம் ஓர் அரை நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, உறுதியான சாப்பாட்டு நேரம், ஊசி போட இடம், கழிப்பறை, இரவு ஷிப்டிலிருந்து விலக்குக் கேட்டால் வேலை போகாது என்ற உத்தரவாதம் ஆகியவற்றைச் சட்டமாக்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு இலவச உடல் பரிசோதனையைப் பேசுகின்றன. கண்டுபிடித்த பிறகு வேலையை எப்படி மாற்றி அமைப்பது என்பதைச் சொல்லாவிட்டால், அந்தப் பரிசோதனை ஆளைக் கழித்துக்கட்டும் கருவியாகிவிடக்கூடும். சுகர் இருப்பதைச் சூப்பர்வைசரிடம் மறைக்கும் பழக்கத்துக்கு அந்தப் பயமே காரணம்.

இதையெல்லாம் மருத்துவத் துறை தனியாகச் செய்ய முடியாது. மருந்தை வாசலுக்குக் கொண்டுவரும் வல்லமை அரசுக்கு இருப்பது நிரூபணமாகிவிட்டது. நேரத்தைப் பெற்றுத்தருவது தொழிலாளர் துறையின் வேலை, அதைக் கேட்பது சங்கங்களின் வேலை. கூலி உயர்வு, போனஸ், நிரந்தரம் என்ற கோரிக்கைகளோடு மருத்துவத்துக்கான அரை நாளையும் சாப்பாட்டுக்கான நேரத்தையும் வடசென்னையின் ஒவ்வொரு ஊதியப் பேச்சுவார்த்தையிலும் மேசைமேல் வைக்க வேண்டும். வீட்டிலும் இதே பேச்சுவார்த்தை தேவை: அம்மாவுக்குச் சுகர் என்றால் காலைச் சமையலைப் பகிர்ந்துகொள்வதும், அவர் சாப்பிட்ட பிறகே மற்றவர்கள் கிளம்புவதும் மாத்திரைக்குச் சமமான சிகிச்சை. நோயோடு உழைக்கும் ஒருவர் சலுகை எதுவும் கேட்கவில்லை. தன் பிள்ளைகள் வளர்ந்து நிற்கும் வரை கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடாமல் வேலைக்குப் போய்வர வழி கேட்கிறார். அந்த வழி மருத்துவத்துக்குத் தெரியும். அதைத் திறந்துவிடும் பொறுப்பு மற்ற எல்லோருடையதும்.